கண்ணை மூடிக் கால் பார்த்தவள்

அவள் ஆட்களை முகத்தால் அறிவதில்லை, காலால் அறிவாள். கோப்பன்ஹேகன் புறநகரான புரொண்பியில், தமிழ்க் கடையொன்றில் ஒரு சனிக்கிழமை எனக்கு முதுகைக் காட்டி நின்று வெண்டிக்காய்களை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்துபோய்க் கத்தரிக்காய்ப் பெட்டியடியில் நின்றேன். வாய் திறக்கவில்லை, இருமவுமில்லை. அவள் திரும்பாமலே, “மாமா, உங்கட இடது சப்பாத்து உள்பக்கமாத் தேஞ்சிருக்கும். ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ” என்றாள். கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் என் காலைப் பார்த்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம்தான் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவளுடைய பெயரை எழுதமாட்டேன். அவளை ஓர் இடத்திலிருந்து அகற்றிய கூட்டத்தில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னவன் நான். இனிச் சொல்ல எனக்கு வாயில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். டென்மார்க்கின் மேற்கே, யூட்லாந்தில் பிராண்டே என்ற சிற்றூரில் பிறந்து வளர்ந்தவள். தகப்பனுக்கு அங்கே காற்றாலை இறக்கைகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கோப்பன்ஹேகனுக்குப் படிக்க வந்து, பிசியோதெரபிஸ்ட் ஆகி, இங்கேயே தங்கிவிட்டாள். பகலில் நகரசபையின் மறுவாழ்வு நிலையத்தில், விழுந்து எழும்பியவர்களை நடக்கப் பழக்குவாள். செவ்வாயும் வியாழனும் பின்னேரங்களில் ஹ்விடோவ்ரேப் பக்கத்துக் கழகமொன்றில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்களை ஓடப் பழக்குவாள். தானும் ஒரு காலத்தில் பெண்கள் அணியில் ஓடியவள்தான். ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை மழையில் நின்று டேனிஷ் ஆண்களை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று எங்கள் சனம் சொல்லும். சனத்துக்குச் சொல்ல வேறென்ன இருக்கிறது.

இந்தச் சனத்தின் வாயில் அவள் விழுந்தது ஒரு கலியாண மண்டபத்தில். மாப்பிள்ளையின் தாய், பட்டுச் சேலை சரசரக்க, ஆரத்தித் தட்டோடு மணவறையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவள் சாப்பாட்டு வரிசையிலிருந்து விலகிப்போய், அந்த மனுசியிடம், வலது இடுப்பை ஒருக்கால் டொக்டரிடம் காட்டச் சொன்னாள். கலியாணவீட்டில் சம்பந்தியின் இடுப்பைப் பற்றிக் கதைக்கிற பெட்டை என்று அன்றைக்கே பேர் வாங்கிக்கொண்டாள். ஏழெட்டு மாதம் கழித்து அந்த மனுசிக்கு வலது இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளுடைய கண்பட்டதால்தான் இடுப்பு போனது என்றார்கள்.

நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

அவள் பழக்கிய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. பந்து முட்டை வடிவம். தலைக்கும் தோளுக்கும் கவசம் உண்டு. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே ஓடவேண்டும். எதிரணி முழுவதும் அவனைப் பிடித்து நிலத்தில் சாய்க்கப் பார்க்கும். அப்படி ஓடுகிறவனை ரன்னிங் பேக் என்பார்கள். என் இரண்டு மகன்களும் ரன்னிங் பேக்குகள். மூத்தவனுக்கு இருபத்தொரு வயது, சின்னவனுக்குப் பத்தொன்பது. டேனிஷ் சட்டப்படி இருவரும் வளர்ந்தவர்கள். என் வீட்டில் ஒருவன் மூத்தவன், மற்றவன் சின்னவன், அவ்வளவுதான்.

அவள் கழகத்துக்கு வந்த முதல் நாள் நான் வேலியடியில் நின்றேன். நான் பஸ் ஓட்டுகிறவன். காலை வேலை முடிந்தால் பின்னேரம் எனக்கு ஓய்வு. அணியில் அப்படி ஓடுகிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகத் தன்னைத் தாண்டி ஓடச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஒருவன் ஓடிப் போனதும் தலையை ஆட்டுவாள், அடுத்தவனை வரச் சொல்வாள். வேலியில் நின்ற தகப்பன்மாரில் ஒருவர், இந்தப் பெண் நின்றபடியே நித்திரை கொள்கிறாளா என்று டேனிஷில் கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். எங்கள் ஆள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமையிலிருந்து ஐந்து பேருக்கும் ஐந்து பயிற்சி. சிவப்புத் தாடிக்காரத் தச்சன் ஒருவன் இருந்தான். வேகமான ஆள், ஆனால் மோதலில் பந்தை நழுவவிடுவான். ஒரு மாதம் பந்தை வேலைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சாப்பிடும்போதும் கக்கத்தை விட்டு எடுக்கக்கூடாது. கூட வேலைசெய்கிறவர்கள் பறிக்கப் பார்க்கவேண்டும். அவனுடைய முதலாளி கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இது என்ன விசர்க் கூத்து என்று கேட்டாராம். அந்த வருடம் அவன் ஒரு பந்தையும் தவறவிடவில்லை.

ஏன் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பதில்லை என்று யாராவது கேட்டால், எல்லோருடைய செருப்பும் உனக்கு அளவோ என்று திருப்பிக் கேட்பாள். அதைத் தமிழில் எங்களிடமும் டேனிஷில் அவர்களிடமும் சொல்வாள். இரண்டிலும் முகத்தில் அறைகிற மாதிரித்தான் சொல்வாள்.

மூத்தவன் என்னைப் போலக் கட்டை, அகலம். எதிரில் ஆள் வந்தால் விலகமாட்டான், இடிப்பான். அவனுக்கு இரும்புச் சறுக்குவண்டியைக் கொடுத்தாள். அதன் மேல் பாரத்தட்டுகளை அடுக்கி, தோளைக் கொடுத்துப் புல்வெளியின் நீளத்துக்குத் தள்ளவேண்டும். அவன் தள்ளினான். வியர்வையில் அவனுடைய உடம்பிலிருந்து ஆவி பறந்தது. பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

சின்னவன் தாயைப் போல நெடுவல். பந்து கைக்கு வந்ததும் ஓடமாட்டான். அரைக் கணம் நிற்பான். முன்னால் மோதிக்கொள்கிறவர்கள் எந்தப் பக்கம் சரிகிறார்கள் என்று பார்த்துவிட்டு, திறக்கிற இடைவெளிக்குள் ஒரே வெட்டாக வெட்டிப் போய்விடுவான். அந்த அரைக் கணத்தில் எல்லோரும் அவனைப் பார்த்து ஓடு ஓடு என்று கத்துவார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துகிறவன் நான்தான். அவள் ஒருத்திதான் கத்தவில்லை.

“இவனுக்குப் பொறுக்கத் தெரியும் மாமா. அது படிப்பிச்சு வாறேல்லை” என்று ஒரு நாள் வேலியடிக்கு வந்து சொன்னாள்.

சின்னவன் பிறந்ததிலிருந்து அவனிடம் மட்டும் இருக்கிற ஒன்றை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கொஞ்சத் தூரத்தில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய காது சிவந்தது. அதை நான் கண்டேன். கண்டும் என் மண்டைக்குள் போகவில்லை.

அவனுக்கு அவள் கொடுத்த பயிற்சி என் கண்ணுக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. இரண்டு பேர் மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடைசிக் கணத்தில் ஒருவன் விலகுவான். அதுவரை இவன் அசையாமல் நிற்கவேண்டும். பிறகு முழு வேகத்தில் ஓடிவந்து மூன்றே அடியில் நிற்கவேண்டும். ஓட்டம், நிற்பு, ஓட்டம், நிற்பு. இவனுடைய ஆட்டத்தில் ஓட்டத்தைவிட நிற்பதுதான் முழங்காலைத் தின்னும், அதனால் நிற்கப் பழக்குகிறேன் என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூத்தவன் பாரம் தள்ளிச் சாகிறான், சின்னவன் நின்று விடுப்புப் பார்க்கிறான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் நான் பிறந்த வீட்டில் அண்ணனுக்கு முட்டை, எனக்கு முட்டை அவித்த சட்டி கழுவுகிற வேலை. அதை மறக்காமல் விமானம் ஏற்றி டென்மார்க் வரைக்கும் கொண்டுவந்தேன். என் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கூட, மற்றவனுக்குக் குறைய என்ற கதையே இருக்கக்கூடாது என்று சபதம் எடுத்தேன். ஒருவனுடைய பிறந்தநாளுக்கு இருவருக்கும் சட்டை. குளிர் ஜாக்கெட் இரண்டும் ஒரே நிறம். மூத்தவனுக்கு மிருதங்கம் வந்தது. சின்னவனுக்குத் தாளம் கிட்டவும் வராது, ஆனாலும் ஆறு வருடம் அவனும் அடித்தான். தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் இருவரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். நடுவர்கள் அதை இரண்டு தடவை கேட்டார்கள். இதற்கெல்லாம் நான் வைத்திருந்த பெயர் நீதி.

அந்த நீதியைத் தூக்கிக்கொண்டு ஒரு வியாழக்கிழமை அவளிடம் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கண்ணில வெண்ணெய், மற்றக் கண்ணில சுண்ணாம்போ பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“உங்கட கண்ணாடியில ரெண்டு கண்ணுக்கும் ஒரே நம்பரோ மாமா?”

என் இடது கண்ணுக்கு ஒரு நம்பர், வலது கண்ணுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. கண்ணாடியின் தடிப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். பதில் இல்லாத இடத்தில் எனக்கு வருவது கோபம் ஒன்றுதான்.

அந்தக் கோபத்துக்கு ஒரு கதிரையும் இருந்தது. நான் அந்தக் கழகத்தின் நிர்வாகக் குழுவில் ஒருவன். என் கெட்டித்தனத்தால் வந்த கதிரை அல்ல அது. போட்டி நாட்களில் கழகத்துச் சிற்றுண்டிக் கடையில் என் மனைவி சுட்டுக் கொடுக்கிற ஆட்டிறைச்சி ரோல்ஸ் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்; அந்த ரோல்ஸின் தயவால் என்னையும் குழுவில் சேர்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, ரன்னிங் பேக்குகளிடையே பாரபட்சம் நடக்கிறது என்றேன். எல்லோருக்கும் ஒரே பயிற்சித் திட்டம் வேண்டும், அதை எழுதி ஒட்டவேண்டும் என்றேன். டேனிஷ்காரருக்கு இந்தக் கதை பிடிக்கும். ஒருவனுக்குத் தனிக் கவனிப்பு என்றாலே அவர்களுக்கு உடம்பு கூசும். ஊரோடு ஒத்து ஓடு என்ற எங்கள் பழமொழிக்கு அவர்கள் நாட்டில்தான் அதிக மரியாதை. ஐந்து தலைகள் மெதுவாக ஆடின.

அதற்கடுத்த கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். மேசையில் மெழுகுதிரி எரிந்தது. சுடுநீர்ப் போத்தலில் கோப்பி, தட்டில் கறுவாப்பட்டைக் கேக். அவர்கள் கூட்டத்தில் சத்தம் போடமாட்டார்கள். கேக் சாப்பிட்டபடியே ஓர் ஆளை அகற்றிவிடுவார்கள். அவள் ஐந்து பேரைப் பற்றியும் தனித்தனியாகச் சொன்னாள்: யார் இடிப்பவன், யார் ஏய்ப்பவன், யார் வெட்டுபவன், யாருக்கு எந்த மூட்டில் பாரம் விழுகிறது. ஒரே திட்டத்தை ஐந்து பேருக்கும் கொடுத்தால் ஒருவனுக்குப் பொருந்தும், நாலு பேருக்குப் பொருந்தாது, அதில் ஒருவனை அது முறிக்கும் என்றாள். தலைவர் அவளுடைய உழைப்புக்கு நன்றி சொன்னார். டென்மார்க்கில் அப்படி நன்றி சொன்னால் விசயம் முடிந்தது என்று அர்த்தம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த ஆறு பேர் நடுவில், தமிழில் கேட்டாள்.

“மாமா, சின்னவனைக் கேட்டனீங்களோ?”

“அவனை என்னத்துக்குக் கேக்கிறது? நான் தேப்பன்.”

என்ன கதைக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். குடும்ப விசயம் என்றேன். அவள் நினைத்திருந்தால் அதை டேனிஷில் சொல்லியிருக்கலாம். என்னைவிட நூறு மடங்கு நல்ல டேனிஷ் அவளுடையது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் பல வருடம் யோசித்தேன். சனத்தின் நடுவில் என்னை அவமானப்படுத்தக்கூடாது என்றுதான் இருக்கவேண்டும். கலியாணவீட்டில் இடுப்பைப் பற்றிக் கதைத்த அதே பெட்டை.

வாக்கெடுத்தார்கள். ஆறு கை உயர்ந்தது. முதல் கை என்னுடையது.

இந்தத் திட்டத்தோடு தன்னால் பழக்க ஏலாது என்று அமைதியாகச் சொன்னாள். களஞ்சிய அறைத் திறப்பைச் சாவிவளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவளுடைய காலடிச் சத்தத்தை நான் கவனிக்கவில்லை. அதைக் கேட்கிற காது எனக்கு ஏது?

புதிய திட்டம் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டப்பட்டது. ஐந்து பேரும் ஒரே பாரம் தூக்கினார்கள், ஒரே சறுக்குவண்டியைத் தள்ளினார்கள். சின்னவனும் தள்ளினான். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. என் வீட்டில் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவன். குளிர்காலம் முழுவதும் தள்ளி, தொடை தடித்து, கழுத்தும் தடித்தது. அந்தக் கோடையில் இருவருக்கும் ஒரே அளவில் சட்டை வாங்கினேன். கடையில் நின்று அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

ஆட்டத்தில் அந்த அரைக் கணம் இல்லாமல் போனது. பந்து வந்ததும் தமையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு இடித்தான். இரண்டு ஆட்டங்களில் நான் தொண்டை கிழியக் கத்தினேன், இப்போதுதான் ஆம்பிளையாக ஓடுகிறான் என்று. மூன்றாவது ஆட்டத்தில், எதிரே இடைவெளி ஒன்று திறந்தது. அதைக் கண்டதும் பழைய பழக்கத்தில் நின்று வெட்டப் பார்த்தான். உடம்பு நிற்கவில்லை. முழங்கால் மட்டும் நின்றது. ஒருவரும் அவனைத் தொடவில்லை. ஆளில்லாத புல்லில் தனியாக விழுந்தான். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் கேட்டது என்று பிறகு தமையன் சொன்னான். அவன் அதைச் சொல்லிவிட்டு அழுதான்.

அவள் இருந்திருந்தால் அந்த முழங்கால் தப்பியிருக்கும் என்று எந்த டொக்டரும் சத்தியம் செய்யமாட்டார். மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன். இந்த ஆட்டத்தில் யாருக்கும் நடக்கும் என்கிறார்கள். என்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறார்கள். சத்தியம் செய்ய நான் இருக்கிறேன்.

இது நடந்து எட்டு வருடம். சின்னவன் இப்போது நன்றாகத்தான் நடக்கிறான். சைக்கிள் ஓடுகிறான். பந்தைத் தொடுவதில்லை. தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் போனால் எழுந்து தேத்தண்ணி போடப் போவான். வேலை யூட்லாந்தில், வருடத்தில் இரண்டு தடவை வருவான். என்ன கேட்டாலும் டேனிஷில் ஒரு சொல்லில் பதில் சொல்வான். சின்ன வயதிலிருந்தே டேனிஷில்தான் பதில் சொல்வான். ஆனால் முன்பு அது ஒரு சொல்லாக இருக்கவில்லை. அவளும் அடுத்த வருடமே பிராண்டேப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள் என்று கேள்வி. எங்கள் சனம் அதற்கும் ஒரு கதை கட்டியது. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அவளைக் கடைசியாகக் கண்டது முழங்கால் போன அந்த வருடத்து இலையுதிர்காலத்தில். சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை விட்ட பிறகு, சின்னவனை மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நகரசபை நிலையத்தின் கதவைத் திறந்தால் உள்ளே அவள் நிற்கிறாள். அவள் அங்கேதான் வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் பலர். வேறு யாராவது கிடைக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் முழங்கால் நொந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆறு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி பந்தின்மேல் கால் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார், ஒரு தபால்காரர் படி ஏறி இறங்கினார். நான் அதை நின்று பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அவள் என்னை ஏசியிருக்கலாம். சொன்னேனே என்று ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். ஓம் மாமா, வாங்கோ, அந்தக் கதிரையில் இருங்கோ என்றாள். நான் இருக்கவில்லை. சின்னவன் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் தந்தான். தமையனுடையதைப் போலவே நீல நிற ஜாக்கெட்.

கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னாள். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவன் நடந்தான். போய்த் திரும்பி வந்தான். இன்னொரு தடவை என்றாள், கண்ணைத் திறக்காமல். அவன் மறுபடியும் போய் வந்தான். அவளுடைய நெற்றி சுருங்கியது.

“இது அண்ணான்ர நடையெல்லோ” என்றாள். “உன்ர எங்க?”

சின்னவன் நின்றான். அந்தப் பழைய அரைக் கணம். பிறகு, என் பக்கம் திரும்பாமல், தமிழில் பதில் சொன்னான்.

“அப்பாவிட்டக் கேளுங்கோ.”

அவள் கண்ணைத் திறந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.